பற்றுக்கொப்பியும் ஈடும்: சப்ரகமுவத் தோட்டங்களில் குடியேறிகளின் சிறுவணிகம்

பிறநாடு சென்றவர்கள் கடை வைத்து முன்னேறினால் அதற்குச் சிக்கனத்தையும் கடும் உழைப்பையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் வரலாறு அதற்கு இசையவில்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் கடை வைத்தவர்கள் சிலரே. கடன் கொடுத்து அதைத் தவறாமல் திரும்பப் பெறும் வழி யார் கையில் இருந்ததோ அவரே கடைக்காரரானார்.

அந்த வழி முதலில் கங்காணியிடம் இருந்தது. ஆள் கட்டி வந்தவர் அவர். வழிச்செலவை முன்பணமாகக் கொடுத்தவரும் அவர். பெயருக்கு இவ்வளவென்று தலைக்காசு வாங்கியவரும் அவரே. 1921இல் ஒழிக்கப்படும்வரை, வேறு தோட்டத்துக்குப் போக நினைத்த தொழிலாளியின் கடனைத் துண்டு என்ற கடன் சீட்டு காட்டிக்கொடுத்தது. பெரிய கங்காணி கடை திறந்தால் வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை. கருவாடு, மண்ணெண்ணெய், புகையிலை, தீபாவளிச் சேலை எல்லாம் பற்றுக்கொப்பியில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீர்ந்து, மறுநாளே புதுப் பற்றுத் தொடங்கும். களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியபின் நிலையங்களையொட்டிக் கடைவீதிகள் வளர்ந்தன. நுவரெலியாவைப் போலன்றி இங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் அடுத்தடுத்து இருந்ததால், கடைவீதிக்கு இரு சாராரும் வந்தனர். கடைவீதி வணிகர்களுக்குப் பின்னால் கொழும்புச் செட்டியார் தெருவின் பணம் நின்றது. 1920களின் நடுவில் சில செட்டியார் நிறுவனங்கள் நொடித்தபின் ஐரோப்பிய வங்கிகள் கையை இறுக்கின. பெருமந்தம் இறப்பர் விலையை வீழ்த்தியது. பொச்கன்வாலா தலைமையிலான 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழு இந்தக் கடன் நெருக்கடியை ஆராய்ந்தது.

பற்றுக்கொப்பிக் கடன் வெறும் சுரண்டல், இதை வணிகம் என்பானேன் என்று கேட்கலாம். சுரண்டல்தான், ஆயினும் வங்கி எட்டிப்பார்க்காத லயம் என்னும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் சம்பளத்துக்கு முன் சோறு கிடைத்தது அந்தக் கொப்பியால்தான். இரண்டாவது ஆட்சேபம் சமூகவியலாளர் எட்னா பொனாசிச்சின் இடைத்தரகுச் சிறுபான்மைக் கோட்பாட்டிலிருந்து எழக்கூடும்: வந்த நாட்டில் வேரூன்ற எண்ணாதவர்களே எளிதில் பணமாக மாற்றக்கூடிய தொழில்களை நாடுகிறார்கள் என்கிறது அது. செட்டியாருக்கு அது பொருந்தும். தலைமுறைகளாகத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொருந்தாது. அவர்களை வேரூன்ற விடாமல் செய்தது சட்டம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், இந்தியக் குடிமக்களான வணிகர்கள் தற்காலிக வசிப்பு அனுமதியை நம்பியே கடை நடத்தினர். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. வாடிக்கையாளரே எந்த நேரமும் கப்பலேறலாம் என்றால் யார் பற்று எழுதுவார்? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும் 1983 ஜூலையில் நாடெங்கும் தமிழர் கடைகள் எரிந்தன. கிராமத்தோடு கலந்திருந்த கடைவீதியின் வசதி அந்நாட்களில் அதன் ஆபத்தாயிற்று.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமைக்கு வழிதிறந்தது. தோட்டத்து இளைஞர் கடைக்கோ ஆட்டோவுக்கோ வங்கியில் கடன் கேட்கலாம்தான். ஆனால் தன் பெயரில் உறுதிப்பத்திரம் இல்லாத லயக் காம்பிராவை அவர் ஈடு வைக்க முடியாது.