கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டங்கள்: நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்ன?

கங்கோத்ரி பனிப்பாறையில் உற்பத்தியாகி வங்கக் கடலில் கலக்கும் கங்கை சுமார் 2,525 கிலோமீட்டர் ஓடுகிறது. உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய ஐந்து மாநிலங்கள் வழியே செல்லும் இந்நதியின் படுகையில், நாட்டு மக்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். இந்துக்களுக்கு இது புனித நதி. குடிநீருக்கும் விவசாயத்துக்கும் எல்லாச் சமூகத்தாரும் இதையே நம்பியுள்ளனர்.

முதல் திட்டம்

1986 ஜூன் மாதம் வாரணாசியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி 'கங்கை செயல் திட்டத்தை'த் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 25 நகரங்களின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கத் திட்டமிடப்பட்டது. நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால், மின்வெட்டு வந்தால் பம்புகள் நின்றன; அவற்றைப் பராமரிக்க நகராட்சிகளிடம் பணமில்லை. கழிவு நீர் மீண்டும் நதிக்கே போய்ச் சேர்ந்தது. 2000 மார்ச்சில் முதல் கட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோதும் கங்கை தூய்மையாகியிருக்கவில்லை.

நமாமி கங்கே

2008இல் கங்கை தேசிய நதியாக அறிவிக்கப்பட்டது. 2014இல் பொறுப்பேற்ற மோடி அரசு 'நமாமி கங்கே' திட்டத்தை அறிவித்து, அதற்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. புதிய நிலையங்கள் பலவற்றில் கட்டுமானச் செலவில் 40 சதவீதம் மட்டுமே கட்டும்போது தரப்படுகிறது. மீதி 60 சதவீதம், நிலையம் ஒழுங்காக இயங்கினால் 15 ஆண்டுகளில் தவணையாக வழங்கப்படும். பழைய தவறிலிருந்து கற்ற பாடம் இது. கான்பூரில் நாளொன்றுக்குச் சுமார் 14 கோடி லிட்டர் கழிவைக் கங்கையில் கொட்டிய சீசாமவு சாக்கடை 2018இல் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டது. 2022 டிசம்பரில் ஐ.நா.வும் இத்திட்டத்தைப் பாராட்டித் தனது பட்டியலில் சேர்த்தது.

எனினும், ஒதுக்கிய நிதியில் பெரும் பகுதி செலவிடப்படவில்லை என 2017இல் மத்திய தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. 2025 கும்பமேளாவின்போது பிரயாக்ராஜில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளில், குளிப்பதற்கான வரம்பைத் தாண்டி மலக்கிருமிகள் இருந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்தது. உத்தரப் பிரதேச அரசு இதை மறுத்தது.

தோல் ஆலைகள் மட்டும்தான் காரணமா?

கங்கை மாசு என்றதும் கான்பூரின் ஜாஜ்மாவ் தோல் ஆலைகளையே பலர் கைகாட்டுகின்றனர். இவற்றின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தொழிலாளர்களில் முஸ்லிம்களும் தலித்துகளும் அதிகம். 2019 கும்பமேளாவுக்காக 2018 டிசம்பரிலேயே இந்த ஆலைகளை மூட உத்தரவிடப்பட்டது. தினக்கூலிகளின் அடுப்பு அணைந்தது. ஆனால், கங்கையில் கலக்கும் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் நகரங்களின் சாக்கடை நீர்தான். அது எல்லோர் வீட்டிலிருந்தும் வருகிறது.

அதற்காகத் தோல் ஆலைகளை நாம் குற்றமற்றவை என்று சொல்லிவிட முடியாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அளவில் குறைவானாலும் கொடிய நஞ்சு. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் சாதாரண முறையில் அது நீங்காது. ஜாஜ்மாவைச் சுற்றியுள்ள கிராமங்களின் வயல்களும் நிலத்தடி நீரும் இதனால் கெட்டுள்ளன. முதற்கட்டச் சுத்திகரிப்பு வசதி செய்ய முடியாத தோல் ஆலை இயங்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் 1987லேயே தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி மக்களும் இதே துயரை அறிந்தவர்கள்தாம். அங்குள்ள ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை உறுதி செய்தது.

நமது பொறுப்பு

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறைகளில் மலம் கழிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. அந்தத் தடை சாக்கடையைத் திறந்துவிடும் நகராட்சிக்கும், இரவில் கழிவைத் திறந்துவிடும் ஆலை முதலாளிக்கும் பொருந்தும்.

எனவே ஒரு சமூகத்தின் தொழிலை மட்டும் குறிவைப்பதை நாம் எதிர்க்க வேண்டும். அதே குரலில், நம்மவர் ஆலைகளும் சட்டப்படி கழிவைச் சுத்திகரிக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அரசு புதிய நிலையங்களைத் திறப்பதோடு நில்லாமல், இருப்பவற்றை நாள்தோறும் இயக்கவும் வேண்டும். தண்ணீர் அல்லாஹ் அனைவருக்கும் அளித்த அமானிதம். அதைப் பாழாக்கும் உரிமை எவருக்கும் இல்லை.