வைலிக் கல்லூரியின் சொற்போர்க் குழு

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றாகிய ரெக்சாசிலே, மார்சல் என்னும் சிறு நகரில் 1873ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது வைலிக் கல்லூரி. அடிமைத்தளையினின்றும் விடுபட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்த கறுப்பின மக்களின் கல்வியைக் கருதி, மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபையினர் அதனை அமைத்தனர். நம் நாட்டிலே கல்லூரி என்னும் பெயர் பாடசாலைக்கும் வழங்குதலால், வைலி பட்டப்படிப்புக்குரிய கல்லூரி என்பதை முதற்கண் தெளிவாக்குதல் நன்று. எனினும், பாடசாலைகளிலே விவாத மன்றங்களை நடத்தும் நம்மனோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அதற்கு உண்டு.

சொற்போரைப் போட்டியாக வளர்த்ததில் அமெரிக்கப் பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 1910இல் உயர்தரப் பாடசாலைகளுக்கென ஒரு விவாதக் கழகத்தைத் தொடங்கினர். 1925இல் புரூனோ ஜேக்கப் என்னும் ஆசிரியர் நாடு தழுவிய கழகமொன்றை நிறுவினார். 1931இல் அதன் முதலாவது தேசியப் போட்டி விஸ்கொன்சின் மாநிலத்து றிப்பன் கல்லூரியிலே நடைபெற்றது. ஆயின், ரெக்சாஸ் கழகத்தின் வாயில் வெள்ளையர் பாடசாலைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. 1960களின் நடுப்பகுதி வரையில் நிலைமை அதுவே. கறுப்பினப் பாடசாலைகள் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்துக்கொண்டன. ஆகவே, வைலிக்கு வந்த மாணவர் வெள்ளை மாணவரோடு ஒரே மேடையில் நின்று வாதிட்டறியாதவர்.

அவர்களைப் பயிற்றியவர் மெல்வின் ரோல்சன். 1898இல் மிசூரி மாநிலத்திற் பிறந்து, லிங்கன் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, வைலிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர். பின்னாளிற் பெருங் கவிஞராகப் போற்றப்பட்டார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டம் அவருக்கு 1940இல், நாற்பத்திரண்டாம் வயதிலேதான் கிடைத்தது. கற்பித்துக்கொண்டே கற்கும் ஆசிரியர்க்கு இது சிறிது ஆறுதலளிக்கும் செய்தியாகும்!

ரோல்சன் 1924இல் சொற்போர்க் குழுவை உருவாக்கினார். அவரது பயிற்சி முறை கடுமையானது. தம் இல்லத்திற்கு மாணவரை அழைத்து, இரவு நெடுநேரம் வாதிடச் செய்வார். மாணவன் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்குமுன் தாமே எதிர்த்தரப்பாக மாறி அதனைத் தகர்க்க முயல்வார். எதிரி எவ்வெவற்றைச் சொல்லக்கூடும் என முன்னரே எண்ணி, அவற்றுக்குரிய மறுப்புரைகளை ஆயத்தஞ் செய்து வைப்பதே அவர் முறையின் உயிர்நிலை. பொருளை ஆதரித்துப் பேசவும் எதிர்த்துப் பேசவும் ஒருவனே பழக வேண்டும் என்னும் அமெரிக்க மரபைச் சிலர் வெறும் வாய்ச்சாலகம் எனப் பழிப்பர். அப்பழி முழுவதும் பொருந்துமென நான் கருதவில்லை. பிறனுடைய நியாயத்தை அவனிலும் நன்றாக எடுத்துரைக்கத் தெரிந்தவனே அதன் பலவீனத்தையும் அறிவான்.

1930ஆம் ஆண்டு இக்குழுவின் வரலாற்றிலே ஒரு திருப்பமாகும். அவ்வாண்டிலே மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட மாணவரைச் சிக்காகோவில் எதிர்கொண்டனர். அம்மேடையேறிய வைலி மாணவருள் ஹென்றியற்றா பெல் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். குழுவின் முதற் பெண் உறுப்பினர் அவரே. அதே ஆண்டில் ஒக்லகோமா நகரப் பல்கலைக்கழகத்தாரோடு நடைபெற்ற விவாதம், தென் பகுதியிலே இரு இனத்தாரும் ஒரே மேடையில் வாதிட்ட முதல் நிகழ்ச்சி எனப்படுகிறது. அது நடந்தது பல்கலைக்கழக மண்டபத்திலன்று, கறுப்பின மக்களின் தேவாலயமொன்றிலே. இத்தகைய விவாதங்கள் பல நடுவர் தீர்ப்பின்றியே முடிந்தன. வெற்றி தோல்வி கூறாமல் விடுதலே அக்காலத்திற் பாதுகாப்பான வழியாகக் கருதப்பட்டது போலும்.

பயணமோ விவாதத்தினும் கடினமானது. இனப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய ஊர்களின் வழியே காரிற் செல்லும்போது, உண்ணுதற்கும் உறங்குதற்கும் இடங் கிடைப்பது அரிது. வழியில் வன்முறைக் கும்பல்களையும் அஞ்ச வேண்டியிருந்தது.

1935ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தாரை எதிர்த்து வைலிக் குழுவினர் வாதிட்டனர். எதிர்த்தரப்பினர் அப்போது தேசிய வாகை சூடியிருந்தவர். கல்லூரியின் வரலாறு இதனை வைலியின் மகத்தான வெற்றியாகவே போற்றுகிறது. ஆனால், தேசிய வாகைப் பட்டம் வைலிக்கு வரவில்லை. போட்டிகளை நடத்திய பை கப்பா டெல்ற்றா என்னும் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராய் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அக்கதவு மூடியே இருந்தது. குழுவின் பேச்சாளருள் ஒருவரான ஹோபார்ட் ஜரெற் இவ்வினக் கலப்பு விவாதங்களைப் பற்றி அவ்வாண்டிலேயே ‘கிறைசிஸ்’ என்னும் சஞ்சிகையில் எழுதினார்.

2007இல் வெளிவந்த ‘த கிறேற் டிபேற்றர்ஸ்’ என்னும் திரைப்படம் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. அதிலே எதிர்த்தரப்பாகக் காட்டப்படுவது ஹார்வார்ட் பல்கலைக்கழகம். நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டுதல் வரலாற்றாசிரியனுக்கு உவப்பானதன்று. உண்மையே போதிய அளவு வியப்புடையதாயிருக்க, ஹார்வார்ட்டின் பெயரை ஏன் இரவல் வாங்க வேண்டும்? எனினும் அப்படத்தால் ஒரு நன்மை விளைந்தது. அதனை இயக்கி, ரோல்சனாக நடித்த டென்சல் வாஷிங்ரன் பத்து லட்சம் டொலர் நன்கொடை வழங்க, நெடுங்காலம் இல்லாதிருந்த குழு மீண்டும் உயிர்பெற்றது.

பட்டம் மறுக்கப்பட்ட இப்பயிற்சி எங்கே சென்றது? ரோல்சனின் மாணவருள் ஒருவரான ஹீமன் சுவெற் 1946இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரிக்கு விண்ணப்பித்தார். நிறங் காரணமாக மறுக்கப்பட்டமையால் வழக்காடி, 1950இல் நாட்டின் உயர்நீதிமன்றத்திலே வென்றார். விவாதக் கழகத்திலே கறுப்பினப் பாடசாலைகளுக்கு இடமளியாத அதே பல்கலைக்கழகம் அது.

மற்றொருவர் ஜேம்ஸ் பார்மர். மார்சலிலே பிறந்து, பதினான்காம் வயதிலேயே வைலியில் அனுமதி பெற்றவர். லொஸ் ஏஞ்சல்ஸ் விவாத காலத்தில் அவர் குழுவின் இளைய உறுப்பினர். 1938இற் பட்டம் பெற்றார். 1942இல் இனச் சமத்துவப் பேரவையை நிறுவியோருள் ஒருவராகி, 1961இல் தென் மாநிலப் பேருந்துகளிலே சுதந்திரப் பயணங்களை வழிநடத்திச் சிறையும் புகுந்தார்.

1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே, இனங்கள் இணைவதா பிரிவதா என்னும் பொருளில் பார்மரும் மல்கம் எக்சும் வாதிட்டனர். மல்கம் எக்சின் வலிமை, வெள்ளையர் இழைத்த கொடுமைகளை அவையினர் நெஞ்சிற் பதியுமாறு எடுத்துரைப்பதிலே இருந்தது. பார்மர் அவற்றுள் ஒன்றையேனும் மறுக்கவில்லை. நோயை நாம் நன்கறிவோம், அதனை இனியும் விரித்துரைக்க வேண்டா; வைத்தியரே, உம்மிடமுள்ள மருந்து யாது, அதனைக் கூறும் என்று கேட்டார்.