படியும் பொட்டும் பின்னே கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும்

"ஒரு கப் ஸ்ட்ராபெர்ரின்னா எத்தனை கிராம்?" வெளிநாட்டுல ஜாம் காய்ச்ச ஆசைப்படற எல்லாரும் என்னிக்காவது இந்தக் கேள்விகிட்ட வந்து நிப்பாங்க. அமெரிக்கக் குறிப்புல கப். இங்கே டென்மார்க்ல கிராமும் டெசிலிட்டரும். ஊர்ல அம்மா ஃபோன்ல சொல்றது ஆழாக்கு. தலை சுத்துதா? இது இன்னிக்கு நேத்து வந்த குழப்பம் இல்லீங்க.

முதல்ல நம்ம கதை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல நெல் அளக்க 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருது. பொன் நிறுக்கவும் அதே பெயர்ல ஒரு எடைக்கல். நெய்க்கு உழக்கு, சர்க்கரைக்குப் பலம். வாழைப்பழத்துக்கு? அளக்கவும் இல்லை, நிறுக்கவும் இல்லை, எண்ணிட்டாங்க! பிள்ளையாருக்கு தினம் 150 பழம் படைக்க 360 காசு முதல். காசுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு, ஆக 45 காசு. காசுக்கு 1200 பழம்னா 54,000. வருஷத்துக்கு 360 நாள்னு வகுத்துப் பாருங்க, சரியா 150 வரும் :-)

ஆனா நாவல், இலந்தையை யார் எண்ணுவது? அங்கேதான் படி வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. சிக்கல் என்னன்னா, ஊருக்கு ஊர் படி மாறும். போதாததுக்கு தலைதட்டி அளப்பதா, கோபுரமா குவிச்சு அளப்பதா என்ற சண்டை வேற. நெல்லைத் தலைதட்டலாம். நாவல்பழத்தை எப்படித் தட்ட?

டென்மார்க்லயும் ஒரு காலத்துல இதே கூத்துதான். அதை ஒழுங்குபடுத்தியவர் ஓலே ரோமர். 1676ல பாரிஸ்ல இருந்தபோது, ஒளிக்கும் வேகம் உண்டுன்னு வியாழனின் நிலாவை வைத்துக் காட்டினாரே, அவரேதான். 1681ல ஊர் திரும்பினார். 1683ல ஐந்தாம் கிறிஸ்டியான் மன்னர் ஆட்சியில் புதிய அளவைகள் வந்தன. ரோமர் செய்த வேலை எளிமையானது, ஆனா அபாரம். ஒரு கன அடியில் 32ல் ஒரு பங்கு, 'பொட்' என்ற முகத்தல் அளவு. ஒரு கன அடி நல்ல தண்ணீரின் எடையில் 62ல் ஒரு பங்கு, 'புன்' என்ற எடை. நீளம், கொள்ளளவு, எடை மூணையும் ஒரே கயித்துல கட்டிட்டார்!

பொட் நம்ம லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதில் கால் பங்கு 'பெயில்', சுமார் 240 மில்லி, கிட்டத்தட்ட அமெரிக்கக் கப் அளவு. 1875லயே மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட டென்மார்க், மெட்ரிக் சட்டம் போட்டது 1907ல்தான். நாம 1956ல சட்டம் போட்டு 1958 அக்டோபரில் ஆரம்பிச்சோம். ஆனாலும் இங்கே இன்னும் அரைக் கிலோவை 'புன்' என்கிறார்கள், நாம ஆழாக்கை விடாத மாதிரி.

சரி, ஜாமுக்கு வருவோம். ரோமரோட தந்திரம் தண்ணீர். தண்ணிக்கு நடுவுல சந்து கிடையாது, பழத்துக்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி ஒரு கப் முழு ஸ்ட்ராபெர்ரி 144 கிராம், நறுக்கினால் 166, மசித்தால் 232. அதே கப், அதே பழம்! 1896ல ஃபேனி ஃபார்மர் தன் சமையல் புத்தகத்தில் 'தலைதட்டிய கப்' என்று அடித்துச் சொன்னார். அது மாவுக்குச் சரி, பழத்துக்கு உதவாது. சம எடை சர்க்கரை கேக்கற ஜாமுக்குக் கப்புக்குக் கப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கப் சர்க்கரை 200 கிராம். முழுப்பழத்துக்கு அது ஜாஸ்தி, திகட்டும். மசித்த பழத்துக்குக் கம்மி, சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

ஆக, 'ஒரு கப் எத்தனை கிராம்' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அம்மாவோட ஆழாக்குக்கு எந்த நாட்டு அட்டவணையும் உதவாது. பாட்டி காலத்து ஆழாக்கு பழைய பாத்திரக்காரனிடம் போச்சுன்னா, அதோட சேர்ந்து நெல்லிக்காய் ஊறுகாய், மாவடு எல்லாத்தோட கணக்கும் போச்சு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ரோமர் வழியில ஒரு காரியம் பண்ணுங்க. அந்த ஆழாக்குல தண்ணி ஊத்தி நிறுத்துப் பாருங்க. எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அப்புறம் அம்மா கையாலயே காயை அள்ளிப் போடச் சொல்லி, அதையும் நிறுத்து எழுதி வச்சுக்குங்க. குவிச்சாங்களா, தலைதட்டினாங்களான்னும் மறக்காம குறிச்சிடுங்க!