கட்டியைக் கரைக்கும் மருந்து: மூளையில் ரத்தம் கசியாமல் தடுத்த விதிகளின் கதை

பக்கவாதம் வந்த ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" திருவள்ளூரா இருந்தாலும் லண்டனா இருந்தாலும் இதே கேள்விதான். இதுக்குப் பின்னாடி ஒரு கசப்பான வரலாறு இருக்கு.

1933. அமெரிக்காவின் பால்டிமோர்ல வில்லியம் டில்லெட் என்ற ஆய்வாளர், ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா உறைந்த ரத்தத்தைக் கரைக்குதுன்னு கண்டுபிடிச்சார். அதிலிருந்து வந்த மருந்துதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1980கள்ல அது மாரடைப்பு வந்த பலரைக் காப்பாத்துச்சு. இதயத்துல அடைச்ச கட்டியைக் கரைக்குதுன்னா, மூளையில அடைச்சதையும் கரைக்கலாமே?

1990கள்ல ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரிசோதனை செஞ்சாங்க. மாரடைப்புக்குக் கொடுத்த அதே 15 லட்சம் யூனிட். மூளையில ரத்தக்கசிவும் மரணங்களும் கூடின. மூணு ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்தினாங்க.

ஏன் அப்படி ஆச்சு? ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதியில ரத்தக்குழாய்ச் சுவரும் நேரம் ஆக ஆக நைஞ்சுபோகும். தாமதமா அடைப்பைத் திறந்தா, பாயுற ரத்தம் அந்தச் சுவரைத் தாண்டிக் கசியும்.

1995ல அமெரிக்காவின் என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு வேற மருந்தோட வந்துச்சு: ஆல்டெப்ளேஸ். கூடவே கறாரான விதிகள். 3 மணி நேரத்துக்குள்ள மட்டும். முதல்ல சிடி ஸ்கேன்ல கசிவு இல்லைன்னு உறுதி செய்யணும். ரத்த அழுத்தம் 185/110ஐத் தாண்டக் கூடாது. டோஸ் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். அடுத்த 24 மணி நேரம் ஆஸ்பிரின் கிடையாது. அப்பவும் 6.4 சதவீதம் பேருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு வந்துச்சு. மருந்து பெறாதவர்கள்ல அது 0.6 சதவீதம்தான். ஆனாலும் மூணு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ, மருந்து பெற்றவங்கள்லதான் ஊனமில்லாம மீண்டவங்க அதிகம். 2008ல இன்னொரு ஆய்வு அந்த நேர வரம்பை நாலரை மணிக்கு நீட்டியது.

டோஸைக் குறைச்சா கசிவு குறையுமா? ஜப்பான் 2005லேயே 0.6 மில்லிகிராமுக்கு இறங்குச்சு. இந்தியாவும் பங்கேற்ற என்சான்டட் ஆய்வு 2016ல பதில் சொன்னது: கசிவு குறையுது, ஆனா ஊனத்தைத் தடுப்பதில் முழு டோஸுக்கு ஈடுன்னு நிரூபிக்க முடியல.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். ஷிஃப்ட் வேலை, வாடகை அறை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். ஒருத்தருக்கு வாய் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினா, அவர் கடைசியா எப்போ நல்லா இருந்தார்னு அறைத்தோழருக்குத்தான் தெரியும். அவரையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. அந்த நேரம் தெரியலைன்னா, மருந்து கையில இருந்தும் டாக்டர் கொடுக்கத் தயங்குவார்.

108ஐ கூப்பிடுங்க. எந்நேரமும் சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரியைக் கேளுங்க. நீங்களா ஆஸ்பிரினோ பிரஷர் மாத்திரையோ கொடுக்காதீங்க. வந்திருக்கிறது அடைப்பா, கசிவான்னு ஸ்கேன் இல்லாம யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் உறையாம இருக்க அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுறார்னா, அந்த அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போங்க.