ஒப்பு

தமிழில் ‘ஒ’ என்ற ஓரெழுத்து வேருக்குப் பொருந்துதல், நிகராதல் என்று பொருள். ஒத்த, ஒக்கும், ஒவ்வாது எல்லாம் அதன் கிளைகள். ‘ஒப்பு’ என்றால் முதலில் நிகர்தான். சம்மதம் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்த்துப் பொருத்தம் கண்டவர் ‘ஒப்புகிறேன்’ என்கிறார். பார்க்காமல் சொல்பவர் ஒப்பவில்லை, தலையாட்டுகிறார்.

திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் வாழைத்தாரை எந்த வியாபாரியும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காயின் திரட்சியைப் பார்ப்பார், சீப்பை எண்ணுவார், பக்கத்துத் தாரோடு ஒத்துப் பார்ப்பார். அதன் பிறகே விலை படியும். ‘ஒப்பு’ என்ற சொல்லின் உள்ளே நடப்பதும் இதுவே.

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் இந்தச் சொல் இன்னும் பழைய பொருளோடு உயிர்த்திருக்கிறது. பெண்கள் ‘ஒப்பு வைத்து’ அழுவார்கள். போனவரைப் பொன்னுக்கும் தேருக்கும் நிகர்சொல்லி அழுவது அது. ஒப்பாரி என்ற பெயரின் முன்பாதியும் அதுதான். பொருந்தாத ஒப்பு வைத்தால் உடன் அழும் கிழவிகளே முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடத்தை ‘ஒப்பிக்கும்’போதும் சொன்னதும் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் ஆசிரியர் பார்க்கிறார்.

கையெழுத்துக்கும் இந்தச் சொல் போயிற்று. மலையாளத்தில் இன்றும் ஒப்பு என்றால் கையெழுத்து. கன்னடத்தில் உடன்பாட்டுக்கு ஒப்பந்த என்கிறார்கள்; நமக்கும் அது ஒப்பந்தம். தமிழிலும் கையெழுத்துக்கு ‘ஒப்பம்’ என்று பெயர் உண்டு. எழுதியதும் என் மனமும் ஒத்திருக்கின்றன என்பதற்கு அடையாளமாக ஒரு கோடு. அந்தக் கோடு மட்டும் மிஞ்சி மனம் கழன்றுகொண்டபோது ‘ஒப்புக்குச் செய்தான்’, ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்ற வழக்குகளும் பிறந்தன. ஒரே சொல் நேர்மைக்கும் வெறும் சடங்குக்கும் பெயராகிவிட்டது.

இந்த இரண்டு பொருளும் நேருக்கு நேர் நின்ற இடம் அரசியல் நிர்ணய சபை. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியலமைப்பு வரைவை அங்கே முன்வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை மாகாணத்தின் சார்பில் வந்திருந்த தாட்சாயணி வேலாயுதன் எழுந்தார். கொச்சிக்காரர், அந்த அவையின் ஒரே தலித் பெண் உறுப்பினர். வரைவைப் பாராட்டினார், அதிகாரம் கீழே பரவ வேண்டும் என்றார், கூடவே ஒரு பொதுத்தேர்தல் வழியாக மக்களின் ஒப்புதல் பெற்றபின் இதை ஏற்கலாம் என்றும் யோசனை சொன்னார். ஒப்பு என்றாலே கையெழுத்து என்னும் மொழிக்காரர், கையெழுத்துக்கு முன்னால் மனம் கேட்கப்பட வேண்டும் என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த அவையை 1946-இல் மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டமன்றங்களுக்கு வாக்களித்தவர்கள் சொத்தோ வரி கட்டும் தகுதியோ படிப்போ உடையவர்கள். மலையில் கூலிக்குத் தார் சுமந்தவருக்கு அதில் வாக்கு ஏது? மைசூர் போன்ற சமஸ்தானங்களில் மன்னர்கள் பிரகடனம் வெளியிட்டு அரசியலமைப்பை ஏற்றார்கள். குடிமக்களைக் கேட்டு வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1949 நவம்பர் 26 அன்று அவை தானே அதை ஏற்றது. 1950 ஜனவரி 24 அன்று 284 உறுப்பினர்கள் ஒப்பமிட்டார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத நாட்டில் காத்திருக்க அஞ்சினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தாட்சாயணி சொன்னதே சரி என்று நினைக்கிறேன்.

ஒப்பாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதை இலங்கைத் தமிழர் காட்டினார்கள். 1971-இல் தமிழரசுக் கட்சி அங்கிருந்த அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22 அன்று புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் அக்கட்சியின் தலைவர் செல்வநாயகம் தமது காங்கேசன்துறை நாடாளுமன்ற இடத்தைத் துறந்து, இதைத் தமிழர் ஒப்புகிறார்களா என்று தேர்தலில் பார்த்துக்கொள்வோம் என்றார். இடைத்தேர்தலை 1975 பிப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். அவரே வென்றார். மக்களின் ஒப்பு இல்லை என்பது எண்ணிக்கையாகவே தெரிந்தது.

இந்தியாவில் நம்மிடம் கேட்கப்படாமல் போன ‘ஒப்புகிறீர்களா’ என்ற கேள்வி சிறிய அளவில் திரும்பி வந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். அதற்கு மேல் 3,000 வரை 100 பேர். பல ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். நுழைந்ததும் நோட்டை நீட்டுகிறார்கள். கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்குகிறார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. வந்ததற்குப் போட்ட கையெழுத்து, ஏற்றதற்குப் போட்டதாகக் கணக்காகிவிடுகிறது.

அடுத்த கிராம சபை சிறுமலையில் நடந்தாலும் உங்கள் ஊரில் நடந்தாலும், தீர்மானப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் ஒன்று கேளுங்கள்: “எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.” வாசித்து முடித்தபின் ஒப்பம் வையுங்கள்.