இராட்சத மட்டித் தொட்டி

இராட்சத மட்டித் தொட்டி என்பது மலாயில் கீமா எனப்படும் டிரைடக்னா இன மட்டிகளை வளர்க்கும் உவர்நீர்க் கண்ணாடித் தொட்டி. இது பவளத்திட்டுத் தொட்டி வகையைச் சேர்ந்தது.

மட்டியின் மேலுறைத் திசுவில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவளிப்பதால் வலுவான விளக்கொளி இன்றியமையாதது. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25–27 பாகை செல்சியஸ், கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம் எனப் பேணப்படும். பேராக்கின் பத்து காஜா போன்ற உள்நாட்டு ஊர்களில், சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து உவர்நீர் தயாரிக்கலாம். வெப்பத்தைத் தணிக்கக் குளிர்விப்பான் உதவும்.

டிரைடக்னா குரோசியா சுமார் 15 செ.மீ. வளரும்; ஆனால் டிரைடக்னா ஜிகாஸ் 1 மீட்டரைத் தாண்டுவதால் வீட்டுத் தொட்டிக்கு ஒவ்வாது.

மிகையாகச் சேகரிக்கப்பட்டு அருகியதால், இராட்சத மட்டிகள் அனைத்தும் 1985 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் மீன்வள விதிமுறைகள் இவற்றைப் பாதுகாக்கின்றன.