ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள்

கொடைக்கானலில் வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடித்துவிட்டு எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ.காரர்கள் போய்ச் சேர்வதற்குள் நல்ல காயெல்லாம் போயிருக்கும். மேல்மலைப் பூண்டையும் கேரட்டையும் காலையிலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. "என்னம்மா, இன்னைக்குச் சர்ச் இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டால், "அது நேத்தே முடிஞ்சிட்டுல்லா" என்பார். ஊர் திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கம். மலையேறி இத்தனை காலமாகியும் பேச்சு மாறவில்லை.

அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். நீங்கள் யூதரா? இயேசுவைக் கும்பிடுவீர்களா? உங்கள் பைபிள் வேறா? பைபிள் அதேதான், இயேசுவும் அவரேதான். பத்துக் கட்டளையில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை எழுத்துப்படி எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை வேலை கிடையாது. ஞானஸ்நானம் வளர்ந்தவர்களுக்கு, முழுக்கு. செத்தவர்கள் உயிர்த்தெழும் நாள்வரை உறங்குகிறார்கள் என்பது நம்பிக்கை. அதனால் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவதில்லை. சபையை நிறுவியவர்களில் ஒருவரான எலன் வைட் அம்மையாரின் எழுத்துகளுக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் பைபிளுக்குக் கீழேதான்.

காப்பி விஷயம்தான் வேடிக்கை. பெரியம்மா வாழ்க்கைப்பட்டது பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்ட வீட்டில். அந்தப் பக்கமும் தாண்டிக்குடியிலும் காப்பிச் செடி இல்லாத தோட்டம் அபூர்வம். பழம் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்பியவர் வாயில் ஒரு சொட்டுக் காப்பி பட்டதில்லை. சுக்கு மல்லிதான். காப்பி, தேநீரை விடச் சொல்லுகிறது அவர்கள் சபை. மது, புகையிலை அறவே கூடாது. பன்றிக்கறி, இறால், நண்டு லேவியராகமத்தின் கணக்கில் விலக்கு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் அடுப்படியில் ஒரே ஓட்டம். மறுநாளைக்கான புளிக்குழம்பு, பருப்புத் துவையல் எல்லாம் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். இங்கே மேற்கே மலை மறைப்பதால் சூரியன் கண்ணுக்கு மறையும் நேரம் வேறு, அஸ்தமன நேரம் வேறு. பெரியம்மா நம்புவது சுவரில் தொங்கும் காலண்டரைத்தான். மஞ்சு இறங்கிய நாளில் வேறென்ன செய்ய? இந்தச் சபையிலுள்ள தோட்டத்துக் கூலிக்காரர்களுக்குச் சனி ஓய்வு இன்னும் கஷ்டம்: சனிக்கிழமை வேலைக்கு வராவிட்டால் ஒருநாள் கூலி போச்சு.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் கொண்டுவந்தது" என்று எங்கள் சபையில் ஏளனமாகச் சொல்வார்கள். யார் சொல்வது பாருங்கள்! 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து முளைத்த இயக்கத்தில் சனியைக் கைக்கொண்டவர்கள் 1863-இல் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். ஏமாற்றத்துக்கு மறுவருடம், 1845-இல், கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்களும் அமெரிக்கர்களே: காய்ச்சலுக்குப் பயந்து மதுரையிலிருந்து ஏறிவந்த மிஷனரிகள். அவர்கள் வைத்த ஞாயிறு மட்டும் உள்ளூர்ச் சரக்கா?

சனி ஓய்வுநாள் தமிழ்நாட்டில் முளைத்தது அமெரிக்கப் பெட்டியிலிருந்து அல்ல. நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அங்கிருந்த மிஷனரியோடு மோதி வெளியேறியவர். அவருடைய சாதியான சாணார்களைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849-இல் எழுதிய புத்தகம் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. பழைய ஏற்பாட்டைத் துருவிப் படித்து, 1857-இல் வெள்ளைக்காரன் கை இல்லாத தனிச் சபையை உண்டாக்கினார். சனி ஆராதனை, சாம்பிராணி, தரையில் உட்காருதல், சாஷ்டாங்கமாக விழுதல். எல்லாம் அவர் ஏற்பாடு.

முதல் அட்வென்டிஸ்டுகள் சென்னையில் இறங்கியது 1893-இல்தான். லென்கர், ஸ்ட்ரூப் என்ற இரண்டு புத்தக வியாபாரிகள். நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்துக்கு அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் குடும்பத்தோடு வந்தது 1908-இல். சனியை ஏற்கெனவே ஆசரித்துக்கொண்டிருந்த தமிழர்கள் அங்கே இருந்தார்கள். சிலர் சேர்ந்தார்கள், எல்லோரும் அல்ல.

எனக்கு அவர்களிடம் பிடித்தது ஒன்று உண்டு. இராப்போஜனத்துக்கு முன் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கால் கழுவுவார்கள், வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. யார் காலை யார் தொடுவது என்று கணக்குப் பார்க்கும் நம் நாட்டில் இது சின்ன காரியமில்லை. எங்கள் சபையில் இதைக் கொண்டுவரச் சொன்னால் எத்தனை பேர் பெஞ்சை விட்டு எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைக்காரர்களைக் கேள்வி கேட்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள். அந்நியச் சரக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டாம்பிள்ளையின் சனி, ஜேம்ஸ் பிரகாசபுரம் வந்ததற்கு ஐம்பது வருடம் மூத்தது.